பின்சீட்டில் ஒருத்தர்

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எதிரே உள்ள மைதானத்தைப் பார்த்தால், ஏதோ சினிமா படப்பிடிப்பு நடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். அவ்வளவு கூட்டம். அவ்வளவும் படித்த கூட்டம். வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர், பேராசிரியர் என்று பெற்றோர்கள் எல்லாரும் மணி அடிக்க வெகு நேரம் முன்னாலேயே வந்துவிடுவார்கள். பிள்ளைகள் மேல் அத்தனை பாசமா என்று உருகிவிடாதீர்கள். அவர்கள் வருவது கியர் குருவைப் பார்க்க.

கியர் குரு என்பது ஊரார் வைத்த பெயர். அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது 'வாகன ஞானி'. மனுஷர்களுக்குக் குறி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வண்டிகளின் மனசைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்று இரக்கப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் பழைய சாவி ஒன்று, முகத்தில் எல்லாம் தெரிந்த களை. வந்து நிற்கும் காரின் பானட் மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார்.

"சூடா இருக்கு. உள்ள கோபம் இருக்கு."

சுற்றி நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இப்போதுதான் ஓட்டி வந்து நிறுத்திய காரின் பானட் சூடாக இல்லாமல் ஐஸ்கட்டி மாதிரியா இருக்கும் என்று கேட்க அங்கே ஒரு நாதி கிடையாது. சட்டம் படித்தவர்களும் கணக்குப் படித்தவர்களும் வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பார்கள். அன்பளிப்பு எவ்வளவு என்று குரு வாய் திறந்து சொல்லமாட்டார். கவரின் கனத்தைப் பொறுத்துப் புன்னகை நீளும், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் நம் பல் டாக்டரும் ஒருநாள் மாட்டிக்கொண்டார்.

டாக்டருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு வாய் நீளம், சின்னவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குத் தோதாக, பிள்ளைகளுக்குத் தோதாக என்றே எல்லாவற்றையும் வாங்கிப் பழகிய அந்த அம்மாள், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கினார். சின்ன எஸ்யூவி, ஆனால் பெரிய இடத்துப் பிள்ளை. செக்கச் செவேல் என்ற நிறம், தோல் சீட்டு. 'ஸ்போர்ட்' என்று எழுதிய பொத்தானை அமுக்கினால் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு க்ளினிக் போகும் வழியில், சாலை காலியாக இருந்தால், டாக்டர் அந்தப் பொத்தானை அமுக்குவார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் டாக்டர் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

குறையே இல்லையா என்றால் உண்டு. பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு எண்ணிக்கை சொல்லும்.

"அம்மா, பழைய வண்டி இப்படிக் குலுக்காதும்மா" என்பாள் பெரியவள்.

"இது குலுக்கல் இல்லடி. ஸ்போர்ட்டி."

இன்னொரு குறை டிக்கி. பார்க்க அழகு, பிடிக்கும் இடம் கொஞ்சம். பிள்ளைகளின் புத்தகப் பைகளும் விளையாட்டுச் சாமான் பையும் போட்டால் நிறைந்துவிடும். அதனால் க்ளினிக்குக்கு வாங்கிய, பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டையை ஒருநாள் பின்சீட்டில் இடது பக்கம் வைத்தார். நல்ல கனமான மூட்டை.

அன்றைக்குப் பிள்ளைகளை அழைக்கப் போகும் வழியில் கார் 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்தது. திரையில் பின்சீட்டின் இடது பக்கம் சிவப்பாக எரிந்தது. 'பெல்ட் போடவில்லை' என்று பொருள். பின்னால் யாரும் இல்லை. மூட்டை மட்டும் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதை யார் ஆளாக மதிக்கப்போகிறார்கள்?

பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்லூரியில் நிகழ்தகவு பாடம் நடத்தும் பேராசிரியர் அவர்.

"என்னங்க, சென்சார் ஏதோ கோளாறு. சர்வீஸ்ல காட்டலாம்."

"புது வண்டி. அதுக்குள்ள கோளாறா? எனக்கு என்னமோ சரியாப் படல. குரு அங்கதானே இருப்பார், ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

மைதானத்தில் இன்ஜினை அணைக்காமல் காரை நிறுத்தியதும் குரு வந்தார். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். திரையில் இடது சீட்டு இன்னும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, சத்தமும் ஓயவில்லை. பிறகு வழக்கம்போல் கண்ணை மூடினார்.

"இடது பக்கம். பின்சீட்டுல ஒருத்தர் உக்காந்திருக்கார். இறங்க மனசில்லாம இருக்கார்."

"இடது பக்கம்னு எப்படிக் கரெக்டா சொன்னார் பாத்தியா!" என்று பேராசிரியர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதிப்போட்டதைப் படிப்பதற்கு ஞானம் எதற்கு? ஆனால் பயந்தவர் கண்ணுக்கு எல்லாமே ஞானம்தான்.

குரு பைக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு உலோகத் துண்டை எடுத்தார். சிவப்பு நூல் சுற்றியிருந்தது. பெயர் 'அமைதித் தகடு'. கதவைத் திறந்து, இடது பக்க பெல்ட் மாட்டும் பூட்டில் அதைச் செருகினார். 'க்ளிக்'. சத்தம் நின்றது. கூட்டம் கை தட்டியது.

"இதை எடுக்கவே கூடாது. எடுத்தா திரும்ப வந்துடுவார். அந்த சீட்டுல பெல்ட்டும் கட்டக்கூடாது. கட்டினா அவருக்கு மூச்சு முட்டும்."

"என் வண்டியில மூணு தகடு போட்டிருக்கேன் டாக்டர்" என்றார் பக்கத்தில் நின்ற வக்கீலம்மா பெருமையாக. "அப்புறம் ஒரு சத்தம் கிடையாது. நிம்மதி."

டாக்டர் அதை நம்பினாரா? நம்பவில்லை. எடுத்துப் போட்டாரா? போடவுமில்லை. சத்தம் நின்றது உண்மைதானே, பிள்ளைகள் போகிற வண்டி, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். படித்தவர்கள் வீட்டுக்குள் மூடநம்பிக்கை நுழைவது இந்த 'எதற்கு வம்பு' என்ற சந்து வழியாகத்தான்.

அன்றிலிருந்து இடது சீட்டு 'அவருக்கு' என்று ஆனது. பிள்ளைகள் நடுவிலும் வலது பக்கமும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில். தினமும் சண்டை.

அப்படி ஒருநாள் சாயங்காலம், பெரியவள் கிள்ளிவிட்டாள் என்று சின்னவன் கோபித்துக்கொண்டு, தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இடது சீட்டுக்கு நகர்ந்தான். டாக்டர் கவனிக்கவில்லை. கார் எதுவும் சொல்லவில்லை. திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. டாக்டர் காலை வைப்பதற்குள் காரே பிரேக் போட்டது. அவ்வளவு சூட்டிகையான கார். சைக்கிள்காரர் தப்பினார். சின்னவன் பறந்து வந்து முன்சீட்டின் முதுகில் முகத்தை மோதினான்.

வாயெல்லாம் ரத்தம். டாக்டர் காரை ஓரம் கட்டி, மகனின் வாயைத் திறந்து பார்த்தார். உதடு கிழிந்திருந்தது. முன்னால் ஒரு பால் பல் ஆடியது. நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"நான் நகர்ந்தது உனக்குத் தெரியலையாம்மா? வண்டி சொல்லுமே" என்று விசும்பினான் சின்னவன்.

சொல்ல வேண்டிய வண்டி ஏன் சொல்லவில்லை? டாக்டர் இடது பூட்டைப் பார்த்தார். சிவப்பு நூல் சுற்றிய தகடு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் க்ளினிக் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் செய்தது, அந்த மைதானத்தில் யாரும் செய்யாத காரியம். யோசித்தார். தகட்டை எடுத்துவிட்டு, மாவு மூட்டையை இடது சீட்டில் வைத்து மெதுவாக ஓட்டினார். 'டிங் டிங்'. மூட்டையை இறக்கினார். சத்தம் இல்லை. வலது பக்கம் வைத்தார். 'டிங் டிங்', வலது பக்கம் சிவப்பு. கனம் எதுவானாலும் ஆள் என்றே எடுத்துக்கொண்டது கார். தகட்டைச் செருகினார். மூட்டை அங்கேயே இருந்தது, சத்தம் மட்டும் போனது. பெல்ட் மாட்டியாயிற்று என்று காரை ஏமாற்றும், பெல்ட் முனையில் இருப்பது மாதிரியான வெறும் உலோக நாக்கு அது. டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது. மைதானத்தில் எத்தனை கார், எத்தனை பூட்டில் இந்தத் தகடு, எத்தனை பிள்ளைகள் பெல்ட் இல்லாமல் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றது.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனார். முகத்தில் பக்தி வழிந்தது.

"குருவே, வண்டியில இன்னும் சஞ்சலம் இருக்கு. நீங்களே ஒரு தடவை அந்த சீட்டுல உக்காந்து பாத்தீங்கன்னா..."

தோல் சீட்டைப் பார்த்துக் குருவுக்கும் ரொம்ப நாளாக ஒரு கண். தாராளமாக ஏறி இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். டாக்டர் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, மைதானத்துக்குள்ளேயே காரை மெல்ல நகர்த்தினார். கூட்டம் கூடவே நடந்தது.

'டிங் டிங்'.

"பாத்தீங்களா! வந்துட்டார்!" என்றார் குரு. சட்டென்று பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்துச் செருகினார். க்ளிக். அமைதி. டாக்டர் காரை நிறுத்தினார்.

"போயிட்டாரா குருவே?"

"போயிட்டார்."

"சீட்டுல உக்காந்திருந்தது நீங்கதானே? நீங்க இன்னும் போகலையே?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குருவின் முகத்தில் களை கொஞ்சம் இறங்கியது.

"அது... சூட்சுமமான விஷயம்மா. எல்லாருக்கும் புரியாது."

"சரி குருவே. சூட்சுமத்தை ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம்" என்று டாக்டர் ஸ்போர்ட் பொத்தானை அமுக்கினார். கார் உறுமியது. "கெட்டியா உக்காருங்க. நல்லா வேகமாப் போகும், திடீர்னு பிரேக்கும் போடும்."

குருவின் கை தானாகத் தோளுக்கு மேலே போய் பெல்ட்டை இழுத்தது. மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. பூட்டுக்குள் தகடு. கார் இன்னொரு தடவை உறுமியது. அவ்வளவுதான், ஞானம் எல்லாம் பறந்துவிட்டது. குரு தகட்டைப் பிடுங்கிக் காலடியில் எறிந்துவிட்டு, பெல்ட்டை க்ளிக் என்று மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இன்ஜினை அணைத்தார். உறுமியதே தவிர, கார் ஒரு அடிகூட நகரவில்லை.

"எடுக்கவே கூடாதுன்னு சொன்னீங்களே. அவருக்கு மூச்சு முட்டாதா?"

குரு பெல்ட்டை விடாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க உயிருக்கு பெல்ட். எங்க பிள்ளைங்க உயிருக்குத் தகடா? என் பையன் வாய்ல தையல் போட்டிருக்கேன்யா, என் கையால!" டாக்டர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். விளையாட்டாக முடிக்க முடியவில்லை.

வக்கீலம்மா நேராகத் தன் காருக்குப் போனார். பின்கதவைத் திறந்து குனிந்தார். தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. அப்புறம் இன்ஜினியர், அப்புறம் மற்றவர்கள். பேராசிரியர் யார் கண்ணிலும் படாமல் காரின் டயரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இந்தச் சந்தடியில் குரு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். மைதானத்தின் பின்வாசல் வழியாக வேக வேகமாக நடந்து போனார். வாகன ஞானிக்கு ஒரு வாகனம்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது.

பள்ளிக்கூட மணி அடித்தது. டாக்டர் பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்பும்போது ஆடிட்டர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"இவர் போலின்னு ஆயிடுச்சு டாக்டர். வண்டி விஷயத்துல நல்லாப் பாத்துச் சொல்ற ஒரிஜினல் ஆள் யாராவது தெரியுமா?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியும் சார். உங்க கழுத்துக்கு மேலயே ஒருத்தர் பல வருஷமா சும்மா உக்காந்திருக்கார். முதல்ல அவருக்கு வேலை குடுங்க."