தெப்பம் உடைந்த இருபது வரிகள்

"ஜெசி, மாமா ஏன் கடலுக்குப் போகாமல் வலையை இறக்கி வைக்கிறார்?" என்று எமில்ராஜ் ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"நீங்கள் வாசிச்சது கேட்டிருக்கும். கடலுக்குப் போற மனிசன்ரை காதிலை விழத் தெப்பம் உடைஞ்ச கதையை வாசிப்பினமே?" என்றாள் அவன் மனைவி ஜெசிதா.

எமில்ராஜ் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். அவன் பள்ளிக்கூடத்தில் கிரேக்க நாகரிகம் படிப்பிப்பவன். போர் முடிந்து கடல்வழியே வீடு திரும்பும் அரசன் ஒருவன் புயலில் தெப்பம் உடைந்து தத்தளிப்பதைச் சொல்லும் பழைய கிரேக்கக் காவியமொன்றின் இருபது வரிகளை, சொல் சொல்லாக ஆராய்ந்து கருத்தரங்கில் கட்டுரை படிக்க வேண்டும். சத்தமாக வாசித்தால்தான் அவனுக்குப் பொருள் பிடிபடும். அது ஒரு குற்றமா? மீனவர் ஊரான குருநகரில் குற்றம்தான்.

போதாக்குறைக்கு, மாமனார் நீக்கிலாப்பிள்ளை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இரண்டு வருடம். கலியாணம் நடந்தும் இரண்டு வருடம்தான். சோளகம் எது, வாடை எது என்று காற்றின் பெயர்கூடத் தெரியாத, கடலே இல்லாத மானிப்பாய்க்காரன் என்பது அவர் குறை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும். அந்த மனிதர் தன்னை ஒரு ஆளாக மதித்தால் போதும், கருத்தரங்கே வேண்டாம் என்றிருந்தான் பாவம்.

மறுநாள் மெல்ல வாசித்தான். மாமா கதிரையைத் தூக்கிவந்து ஜன்னலடியில் போட்டார். அன்றும் கடலுக்குப் போகவில்லை.

"காவல் இருக்கிறார். பொறு, பயத்தைத் தெளிய வைக்கிறன்," என்றான் எமில்ராஜ் ஜெசிதாவிடம்.

மூன்றாம் நாள் மனைவிக்குச் சொல்வதுபோல் ஜன்னலைப் பார்த்து விளக்கினான். "இதிலை அலை எண்டது அலை இல்லை, ஜெசி. தனிமை. இந்த ஒரு சொல்லுக்கே நாலு நாள் வேணும்."

வெளியே பெருமூச்சு கேட்டது. "பிள்ளை, உவன் அலையை அலை இல்லை எண்டுறான். தண்ணிக்கை கிடக்கிறவனைக் கேட்டுப் பாக்கச் சொல்லு."

நாலு நாளும் எமில்ராஜ் அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை. மாமாவும் கதிரையை விட்டு நகரவில்லை. கடலோ சும்மா சாதுவாகக் கிடந்தது. மீன்பிடிக்கிற வீட்டில் தினமும் முருங்கைக்காய்க் கறி.

"உந்தப் புத்தகத்தை மூடி வையுங்கோ," என்றாள் ஜெசிதா.

மூடி, அலுமாரியில் வைத்துப் பூட்டினான். அன்று பின்னேரம் மாமா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். விடிந்து பார்த்தால் பக்கத்துப் படகுகளும் கரையில்.

எமில்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டைக் குழப்பியது போதாதென்று ஊரையும் குழப்பியாயிற்று. மன்னிப்புக் கேட்கக் கரைக்கு ஓடினான். மாமா நெற்றியில் கையை வைத்துக் கடலைப் பார்த்தபடி நின்றார். கிட்டப் போகத் துணிவில்லாமல், அவருடைய படகில் போகிற யாகோப்புவிடம் போனான்.

"அண்ணை, நான் இனி அந்தக் கதையைத் தொடவே மாட்டன். மாமாவைத் தொழிலுக்குப் போகச் சொல்லுங்கோ."

யாகோப்பு பதறி எழும்பினார்.

"ஐயோ மாஸ்டர், அந்த ராசாவை நடுக்கடலிலை விட்டிடாதேங்கோ! ஒருத்தன் காணாமல் போனால் அவன் கரை சேருமட்டும் இஞ்சை ஆரும் தொழிலுக்குப் போறேல்லை. 'என்ரை மருமோன் படிச்சவன், அந்த மனிசனை எப்பிடியும் வீட்டை கொண்டுபோய்ச் சேர்த்திடுவான்' எண்டு உங்கடை மாமா ஊரெல்லாம் சொல்லிப்போட்டார், கெதியாய் வாசியுங்கோ!"