எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்த பேராசிரியர்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் அத்தை நலம். நானும் நலம், முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக ஆசைப்படுகிறது. அங்கே நீங்களும் என் மகளும் சுகமென்றும், பேத்திக்கு நாலாவது பல் முளைத்துவிட்டதென்றும் போனில் அறிந்தேன். அந்தப் பல்லை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்தப் பல்லைப் பற்றியதுதான். நடுவில் கொஞ்சம் தண்ணீர் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "மீட்டிங் மாமா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் மீட்டிங்குக்குப் பயப்படாது. மேலும் நான் தொலைபேசி நிலையத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். உத்தியோக காலம் முழுக்கப் புகார் வாங்கியே பழக்கம். கொடுப்பது இதுதான் முதல் தடவை. முறை தவறியிருந்தால் மன்னிக்கவும், ஆனால் புகார் புகார்தான்.

போன தடவை குழந்தை இங்கே வந்திருந்தபோது வயிற்றுப்போக்கு வந்து துவண்டுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நீங்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு, மிக மரியாதையாக, "அடுத்த தடவை அவங்க வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுத் தண்ணியைச் சோதிச்சுடலாமா மாமா?" என்றீர்கள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் பயணக் களைப்பு என்றேன், பால் பவுடர் என்றேன், உங்கள் வீட்டு ஏசி என்றேன். நீங்கள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தெரிந்தால் மகளையும் பேத்தியையும் விடுமுறை முழுக்க இங்கே அனுப்புகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் பாட்டுக்கு ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நீங்களோ ஆராய்ச்சிக்காரர், உங்களுக்கு ஒரு பாட்டில் போதாது, ஒரு தெருவே வேண்டும். தண்ணீரைப் படிக்கிறவர்களும் தண்ணீரைக் குடிக்கிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை, அவர்களைச் சேர்த்துவைக்க ஒரு திட்டம் போட்டிருக்கிறோம், இங்கே எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நாலு துறைக்கும் பொதுவாக ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அது ஊராருக்குத் திறந்திருக்கும், எங்கள் தெருவுக்கு ஒருங்கிணைப்பாளர் அடியேன் என்று அங்கே உட்கார்ந்தபடியே அறிவித்துவிட்டீர்கள். இரண்டு தரப்பைச் சேர்த்துவைப்பது எனக்குப் புதிதல்ல. உங்களையும் என் மகளையும் சேர்த்துவைத்தவனே நான்தான். அந்தத் தைரியத்தில் தலையாட்டினேன்.

உங்கள் திட்டத்து மாணவி ஒருத்தி பாட்டில்களோடு வந்தாள். நெட்டைப் பெண், எங்கள் வாசல் நிலையில் இரண்டு தடவை இடித்துக்கொண்டு இரண்டு தடவையும் நிலையிடம் ஸாரி சொன்னாள். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும், மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது, வீட்டு எண்ணை மேலே எழுத வேண்டும், அவ்வளவுதான். இதை வீடு வீடாகச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முடிவுகளை வீட்டு எண்ணோடு தெருமுனை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறார்கள் என்பதையும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "பாஸ் மார்க் எவ்வளவு சார்?" என்றார்.

"இது பரீட்சை இல்லப்பா, தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கறாங்க."

"நம்பர் போட்டு ஒட்டறாங்கன்னா பரீட்சைதான் சார். எதிர்வீட்டுக்காரர் எவ்வளவு எடுப்பார்?"

எதிர்வீட்டுக்காரர் மூன்று குடித்தனம் வைத்திருக்கிறவர். அவர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "என் தண்ணி மட்டம்னு ஒட்டினா குடித்தனக்காரன் காலி பண்ணிடுவான், உங்க மாப்பிள்ளையா வந்து குடியிருப்பார்?" என்று கேட்டார். என் மாப்பிள்ளையை எதற்கு இழுக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். போயிருக்க வேண்டாம். அன்று சாயந்திரமே முனைக்கடையில் கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார். அவர் யாரையும் பார்த்து எழுந்து நான் பார்த்ததில்லை.

நடந்தது என்னவென்று உங்களுக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. குழாய்த் தண்ணீரைப் பிடிக்கச் சொன்ன பாட்டிலில் தெருவே கடைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருக்கிறது. தையல்காரர் அதையும் காய்ச்சி ஆறவைத்து, புது வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஓரம் கூடப் பிசிறாமல் கொடுத்தாராம். விஞ்ஞானத்துக்கு ஒரு தெரு காட்டும் மரியாதை இதுவா? படித்தவர்கள் நம்மைத் தேடி வரும்போது நம் குறையை அல்லவா காட்ட வேண்டும்? டாக்டரிடம் போகும்போது அண்ணன் நாக்கையா காட்டுவோம்? எங்கள் வீட்டுப் பாட்டிலைப் பற்றி மட்டும் நீங்கள் துளியும் கவலைப்பட வேண்டாம். அதற்கு நான் பொறுப்பு.

பாட்டில்களைக் கொண்டுபோய் ஒப்படைக்கப் போனபோதுதான் உங்கள் பொது ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பார்த்தேன். கருவி ஒன்று, துறை நாலு. குளியலறை ஒன்றே ஒன்று இருக்கிற கூட்டுக்குடும்பம் மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிறவர் வெளியே வருவதற்குள் வெளியே இருக்கிறவர் கதவைத் தட்டுகிறார். மண் துறைக்காரர் ஒருவர் ஒரு வாளிச் சேற்றோடு வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று நெட்டைப் பெண்ணைப் பிய்த்தெடுத்தார். ஒருங்கிணைப்பாளர் என்ற பெருந்தன்மையில் நான் எங்கள் பாட்டிலைக் கடைசி ஆளாக வைத்திருந்தேன். அதன் முறை வருவதற்குள் சேறு உள்ளே போய்விட்டது. தெரு முழுக்கச் சோதித்தாகிவிட்டது, எங்கள் வீடு பாக்கி.

மறுநாள் அந்தப் பெண் போன் செய்தாள். "சார், உங்க தெருவுல எல்லா வீட்டுத் தண்ணியும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு. குழாய்த் தண்ணின்னா குளோரின் கொஞ்சமாவது இருக்கணும், ஒரு வீட்டுலயும் இல்ல. எப்படி சார்?"

"எங்க தெரு ரொம்ப ஒற்றுமையான தெரும்மா," என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க பாட்டில் ஒண்ணு மீதி இருக்கு சார். சனிக்கிழமை கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி வெச்சு அதைச் சோதிச்சுக் காட்டறோம்," என்றாள். எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

தெருவே வந்திருந்தது. ஆய்வுக்கூடத்து நாற்காலிகள் உயரமான வட்டநாற்காலிகள், உட்கார்ந்தால் சுற்றுகின்றன. தையல்காரர் கூட்டம் முடிகிறவரை சுற்றிக்கொண்டே இருந்தார். மேஜை மேல் வெள்ளைத் துணி, துணி மேல் தட்டு, தட்டில் எங்கள் பாட்டில், வேறொன்றும் இல்லை. உங்கள் பெரிய பேராசிரியர் எழுந்தார். அறிவு மாடியில் இருந்தால் போதாது, படியிறங்கி வர வேண்டும் என்று ஆரம்பித்தார். அது படியிறங்கியது, வராந்தாவுக்கு வந்தது, தெருவைக் கடந்தது, ஆற்றங்கரைக்குப் போனது, அங்கேயே ஏதோ நாகரிகம் தோன்றியது. மனிதர் மூச்சுவிடவில்லை. எதிர்வீட்டுக்காரர் தூங்கி, எழுந்து, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். பேராசிரியருக்குத் தொண்டை காய்ந்தது. பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினார். எங்கள் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "ஆக, சமுதாயமும் ஆய்வாளரும் ஒன்றாகக் கலக்க வேண்டும்" என்றார்.

நெட்டைப் பெண் பாதி எழுந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். "சார், அது சாம்பிள்..." என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. அந்தத் துறையில் அவரை நிறுத்துகிற பழக்கம் யாருக்கும் இல்லை போலிருக்கிறது. காலிப் பாட்டிலை வைத்துக்கொண்டு சோதனை எதுவும் காட்ட முடியாமல் கைதட்டலோடு கூட்டம் கலைந்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைப் படித்த மனிதர் எங்கள் வீட்டுத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார், இதற்கு மேல் என்ன கருவி வேண்டும்?

ஆனால் மறுநாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "பெரிய சாருக்கு உடம்பு முடியல சார். வயிறு. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏறுது. நேத்து உங்க வீட்டுத் தண்ணியை..."

"கேன்டீன்ல என்ன சாப்பிட்டார்?"

"அவர் கேன்டீன் பக்கமே போகமாட்டார் சார். வீட்டுச் சாப்பாடுதான்."

"அப்ப வீட்டுச் சாப்பாடுதான் காரணம்," என்றேன்.

மாப்பிள்ளை, இதில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரோ ஒருவர் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் பழி எங்கள் குழாய் மேலா? அன்று அவர் குடித்த தண்ணீரால் ஒரு கொசுவுக்குக்கூட வயிறு வலித்திருக்காது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பெரியவர்கள் சொன்னால் ஒரு காரணம் இருக்கும்.

ஆகவே இந்த விவகாரத்தை இத்தோடு முடித்துக்கொள்வோம். தெரு முழுக்கத் தேறியாகிவிட்டது, எந்தத் தண்ணீரில் தேறியது என்பது வேறு பேச்சு. எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பேராசிரியரே வாயில் வைத்துப் பார்த்துவிட்டார். நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, லீவு ஆரம்பித்தவுடன் மகளையும் பேத்தியையும் அனுப்பிவையுங்கள். மேஜை மூலைக்கெல்லாம் ரப்பர் ஒட்டிவிட்டேன். உங்கள் அத்தை குட்டித் தலையணைக்கு மூன்று உறை தைத்துவிட்டு, எது அழகு என்று தினமும் என்னைக் கேட்கிறாள், எதைச் சொன்னாலும் தப்பு என்கிறாள். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டோம் மாப்பிள்ளை. குழந்தை வந்தால்தான் வீடு வீடாக இருக்கும்.

ஒருங்கிணைப்பாளர் பதவியிலிருந்து இக்கடிதத்தின் மூலம் விலகிக்கொள்கிறேன். மகளுக்கு என் ஆசிகள். பேத்தியின் நாலு பல்லுக்கும் தனித்தனியாக ஒரு முத்தம், எதற்கும் குறைவைக்க வேண்டாம். உங்கள் ஆராய்ச்சி மேலும் மேலும் வளரட்டும், எங்கள் தெருவைத் தாண்டி வளர்ந்தால் ரொம்ப விசேஷம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். உங்கள் அத்தை வாங்கிப் படித்தாள். பாட்டில் கட்டம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், குளுக்கோஸ் கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டாள். உங்களிடம் இனி மறைத்துப் பயனில்லை. எங்கள் பாட்டிலிலும் நான் கடைத் தண்ணீரைத்தான் ஊற்றி வைத்திருந்தேன். தெருவில் முதல் கேன் வாங்கியவனே நான்தான். குழந்தை வர வேண்டுமே என்ற ஆசை, வேறொன்றுமில்லை. அதனால்தான் மேலே அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன்.

ஆனால் உங்கள் அத்தை, பாட்டிலை நான் நிரப்பிவைத்த அன்று மத்தியானம், நான் கண்ணயர்ந்திருந்தபோது அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அந்தப் பெண் சொன்னபடியே குழாயைத் திறந்து ஓடவிட்டுப் பிடித்து வைத்திருக்கிறாள். "என் பேத்தி குடிக்கப்போற தண்ணி, எனக்குத் தெரியவேண்டாமா?" என்கிறாள். ஆகப் பேராசிரியர் குடித்தது எங்கள் குழாய்த் தண்ணீர். தெருவிலேயே நிஜமான பாட்டில் அது ஒன்றுதான். போன தடவை குழந்தை துவண்டு கிடந்ததும் இதனால்தான் மாப்பிள்ளை. பயணமும் இல்லை, பால் பவுடரும் இல்லை, உங்கள் ஏசியும் இல்லை.

குழந்தையை அனுப்பாதீர்கள். பல்லைப் பார்க்க நாங்களே அங்கே வருகிறோம். அதற்கு முன் அந்தப் பெண்ணை அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் நானே குழாயடியில் நின்று பிடித்துக் கொடுக்கிறேன், யார் முறைத்தாலும் சரி. என் ராஜினாமாவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சுத்தமாக வேறொன்று எழுதுகிறேன் என்றேன். "இதையும் கொட்டிட்டுக் கடைத் தண்ணி ஊத்தப் போறீங்களா?" என்று கேட்டாள் உங்கள் அத்தை. ஆகவே இருந்தது இருந்தபடியே அனுப்பியிருக்கிறேன்.