கோடி மூலை விளக்கு

பலகையின் நடுவில் கரண்ட் கொடுத்தால், மூலையில் விளக்கு எரிந்தது.

எலக்ட்ரீஷியன் கோவர்த்தனனுக்கு வியர்த்தது. வரிசைக்கு எட்டாக அறுபத்து நான்கு குட்டி விளக்குகள். எரிந்தது ஒன்றே ஒன்று, வலது கோடி மூலையில்.

"பிளக் ஒயர மட்டும் மாத்துங்கண்ணா. மூணு மணிக்குத் திருப்பதியில எனக்கு பிஎச்டி வைவா" என்று சொல்லிப் பலகையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள் பிரித்திகா. நாலு வருஷ உழைப்பாம்.

"என் வூட்டு ஃபேன எப்பப்பா வந்து பாப்ப? சுத்தவே மாட்டேங்குது" என்றாள் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செல்லியம்மா.

"உன்னுது தெருக்கோடி வூடு யக்கா. கோடிக்குக் கரண்ட் தேஞ்சிதான் வரும். அது சயன்ஸு."

கரண்ட் கொடுக்கும் கிளிப்பை இடது ஓரத்துக்கு மாற்றினார். எரிந்தது வலது மூலை. மேலே மாற்றினார். அதே மூலை. மூலைதான் எல்லாவற்றையும் இழுக்கிறது என்று முடிவுகட்டி, நடுவில் இரண்டு ஒயர்களை வெட்டினார். டப்பென்று மூன்று விளக்குகள் கருகின.

மூலை மட்டும் அசராமல் எரிந்தது.

கோவர்த்தனன் தன்னை மறந்து கைகூப்பினார். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் பிரித்திகா வந்தாள்.

"மன்னிச்சிடும்மா. சரி பண்றேன்னு போயி நாசம் பண்ணிட்டேன். மூல மட்டும்தான் எரியுது."

அவள் வெட்டிய ஒயரைப் பார்த்தாள், கருகிய விளக்குகளைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இவ்ளோ அடிபட்டும் எரியுதாண்ணா? எரியும்னு கணக்குப் போட்டு தீசிஸ்ல எழுதிட்டேன். வெட்டிப் பாக்கத்தான் தைரியம் வரல. இத இப்படியே எடுத்துக்கினு போறேன்!"

"மூல மட்டும் எரிஞ்சா தப்பில்லியா?"

"மூலதான் எரியணும். ஒவ்வொரு இணைப்பும் கரண்ட்ட அந்தப் பக்கமாவே அதிகமாத் தள்ளும், திரும்பி வர்றதுக்கு வழி கம்மி. அதனால எங்க குடுத்தாலும் கோடியில போயி சேந்துடும். எல்லாம் நாம இணைக்கிற விதத்துல இருக்குது."

மூவரும் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லியம்மா மெதுவாக ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"அப்போ தப்பு சயன்ஸு மேல இல்ல. என் வூட்டுக்கு ஒயர் போட்டது நீதானே கோவர்த்தனா?"