சகோதர நாட்டு மாப்பிள்ளை

உலகத்தின் தலைசிறந்த ராஜதந்திரம் ஜெனீவாவில் நடப்பதாகச் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம். அது என் தேநீர் வண்டிக்குப் பக்கத்தில் நடக்கிறது.

என் வண்டி நிற்பது மொரோக்கோ கரையில். ஓடைக்கு அந்தப் பக்கம், கல்லெறி தூரத்தில், அல்ஜீரியா. இரண்டும் ‘சகோதர நாடுகள்’. பாசம் எங்கே சிந்திவிடுமோ என்று முப்பது வருடமாக எல்லையை மூடிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உறவுக்காரர்கள் இரு கரையிலும் நின்று கத்திப் பேசிக்கொள்வார்கள். தொண்டை போதாதவர்களுக்காக நான் கத்துவேன். ஆகவே, பூஜெமாவாகிய நான் ஒரு ‘தூதர்’. கொடி வைத்த கார்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அன்று ஸுலேகா அக்காவின் மகள் ஹஸ்னாவைப் பெண் கேட்கும் நாள். மாப்பிள்ளை லக்தர் அக்கரையில், எங்கள் ஊர் வழக்கப்படி பெண் கேட்கக் கொண்டுவரும் சர்க்கரைக் கூம்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் அம்மா.

“போன்லயே பேசி முடிச்சிருக்கலாமேக்கா?” என்றேன்.

“பொண்ணு கேக்கறதா, பீட்சா கேக்கறதா? நேருக்கு நேர்தான் கேக்கணும். நீ கத்துடா!”

மூச்சை இழுத்தேன். அதே சமயம் பார்த்து, ‘சகோதரத்துவ நாள்’ கொண்டாட இரு கரையிலும் அதிகாரிகள் ஒலிபெருக்கியோடு வந்து இறங்கினார்கள்.

“நம் இதயங்களுக்கு நடுவே எல்லை இல்லை!” என்றார் எங்கள் அதிகாரி. அக்கரை அதிகாரியும் அதையேதான் சொன்னார். இரு அரசுகளும் கருத்து ஒருமித்த அந்தச் சரித்திர நிமிடத்தில், லக்தரின் அம்மா கேட்டது யார் காதிலும் விழவில்லை.

“சம்பந்தி என்னடா சொன்னா?”

“‘சகோதர சகோதரிகளே’ன்னு கேட்டுச்சுக்கா.”

“நாசமாப் போச்சு!”

ஹஸ்னா நேரே எங்கள் அதிகாரியிடம் போனாள். “சார், இவ்ளோ பாசமா இருக்கீங்களே, கேட்டைக் கொஞ்சம் திறங்க. அவரைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடறேன்.”

அதிகாரி ஆழ்ந்து யோசித்தார். “அதெப்படிம்மா? அவங்கல்லாம் நமக்குச் சகோதரங்க. கூடப் பொறந்தவனை யாராவது கட்டிக்குவாங்களா?”

இவ்வளவு தெளிவான வெளியுறவுக் கொள்கையை நான் கேட்டதே இல்லை. ஹஸ்னாவுக்குத்தான் அதன் ஆழம் புரியவில்லை. மைக்கைப் பிடுங்கினாள்.

“லக்தர்! எனக்குச் சம்மதம்! ஆனா கூஸ்கூஸ்ல திராட்சை போடக் கூடாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு!”

அக்கரை மைக்கும் கைமாறியது. “போடலை! நீ வா!”

போனாள். காசாபிளாங்கா, துனிஸ், ஓரான் என்று மூன்று விமான நிலையம் சுற்றி, மணப்பெண் உடையில் எதிர்க்கரையில் வந்து நின்றாள். ஸுலேகா அக்காவின் முட்டி அத்தனை விமானப் படி ஏறாது. இங்கேயே நின்று மகளைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

“பூஜெமா, சாப்பிட்டாளான்னு கேளுடா.”

இரு கைகளையும் வாயருகே குவித்தேன். “ஹஸ்னா! சாப்பிட்டியான்னு அம்மா கேக்கறாங்க!” என்று கத்தினேன்.

இருந்தாலும் அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் தம்பி என்று அவர்கள் சொன்னது சத்தியம். பாகம் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் எட்டிப் பார்க்காத அண்ணன் தம்பி என்பதைத்தான் மைக்கில் சொல்ல மறந்துவிட்டார்கள்.