பெண்ணாடத்துக்குப் போன கோணல் பொம்மை

பீங்கான் பொம்மையை வைத்துச் சம்பந்தம் பேசி ஜெயித்த மனுஷர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் குடியிருந்தார். ஊரே அவரைக் கூப்பிட்டது சுவிட்சு சார் என்று.

ஸ்கூலில் விலங்கியல் வாத்தியார். வாயைத் திறந்தால் சுவிட்சு. "ஜீனு வெறும் வயரிங்குங்க. மூளையில எந்த லைட்டு எரியணும்னு மேல இருக்கிற சுவிட்சுதான் முடிவு பண்ணும். துக்கம், பயம், தூக்கமில்லாமை எல்லாம் வந்து அதைத் தட்டிட்டுப் போவும்" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்த சலூன்காரர், சாரைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதும் உண்டு.

செல்போன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலம். என் அக்காவுக்குப் பெண்ணாடத்தில் நல்ல இடம் அமைந்தது. ஜாதகமும் பொருந்தியது. விசாரிக்க வந்தவர்களிடம் எந்தப் புண்ணியவானோ ஊதிவிட்டான், பெண்ணின் அம்மா மனநல ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று. ஜாதகம் திரும்பி வந்தது. எங்கள் அம்மா அங்கிருந்து தேறி வந்து நன்றாகத்தான் இருந்தார். "எல்லாம் என்னாலதான்" என்று அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் சாரிடம் சொன்னேன்.

"கெளம்பு தம்பி" என்றார் சார். கையில் துண்டில் சுற்றிய இரண்டு பொம்மைகள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவற்றுக்குத்தான். நாங்கள் பெண்ணாடம் வரை நின்றுகொண்டே போனோம்.

மாப்பிள்ளையின் அப்பா கரும்பு விவசாயி. சார் அவர் முன்னால் பொம்மைகளை எடுத்து வைத்தார். ஒன்று லட்சணம், இன்னொன்று இடுப்பு ஒடிந்த கோணல்.

"ஒரே மண்ணு, ஒரே அச்சுங்க. சூளையில அனல் பட்ட விதம்தான் வேற. அம்மாவுக்கு வந்துச்சுன்னா பொண்ணுக்கும் வந்தே தீரும்னு இல்லீங்க."

அவர் கோணலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி சார். இது இனிமே நேராவுமா?"

சார் பொம்மையை வாங்கித் தானும் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். போச்சுடா என்று நான் செருப்பைத் தேடினேன்.

"ஆவாதுங்க" என்றார் கடைசியில். "வெந்த மண்ணு திரும்பாது. ஆனா மூளை சாவுற வரைக்கும் பச்சை மண்ணுங்க. மருந்து, தூக்கம், பக்கத்துல நாலு மனுஷங்க இருந்தா, அணைஞ்ச சுவிட்சுல சிலது திரும்பப் போட்டுக்கும். பொண்ணோட அம்மா எழுந்து நிக்கிறாங்க. வந்து அவங்க கையால ஒரு காபி குடிச்சுப் பாருங்க."

கதவோரம் நின்ற மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்தார். "எந்தம்பியும் ரூமை வுட்டு வராமயே கெடந்தான் சார். இந்த வூட்டுல அதை யாரும் வாயத் தொறந்து சொன்னதில்ல." கணவரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம்."

அவர் எழுந்து காலண்டரில் வெள்ளிக்கிழமைக்கு நல்ல நேரம் பார்த்தார்.

கல்யாணத்தன்று அம்மாதான் பட்டுப்புடவையில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். அப்படி நின்ற அம்மாவைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். சார் அப்போதும் நாதஸ்வரக்காரரைப் பிடித்து சுவிட்சைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா வீட்டு ஷோகேஸின் நடுவில் இன்றைக்கும் நிற்பது அந்தக் கோணல் பொம்மைதான். லட்சணமானது எங்கே போனதோ, யாரும் தேடவில்லை. தூசி தட்டும்போதெல்லாம் அக்கா கோணலிடம், "கொஞ்சம் நகருங்க சார்" என்பாள்.