திருகாணி தேட வந்த மிஷின்

மொரப்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அருள்குமாருக்கு,

உன் பெரியம்மா சகாயமேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளவோடு இருக்கின்றன. நீயும் பாரதியும் குழந்தைகளும் சுகமென்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி உன் மிஷினைப் பற்றி.

என் வலக்காதுத் தோட்டின் தங்கத் திருகாணி காணாமல் போனதைப் போனில் சொன்னேன். மொட்டைமாடியில் ராகி காயவைத்த அன்று, அங்கே இருந்தது நானும் குள்ளம்மாளும்தான். இருபத்திரண்டு வருடமாக என் வீட்டில் வேலை செய்கிறவள். "நீ பார்த்தாயா?" என்று ஒரே தடவை கேட்டேன். கேட்ட விதம் சரியில்லையாம். "நான் எடுத்தனான்னு நேராவே கேளுங்க டீச்சரம்மா" என்றாள். இதற்குள் நீ, உலோகம் பக்கத்தில் வந்தால் கத்தும் என்று முருங்கைக்காய்த் துண்டு போல ஒரு கருவியைப் பெங்களூரிலிருந்து அனுப்பிவிட்டாய்.

நீ இன்ஜினியர்தானே? கான்கிரீட் தளத்துக்குள் கம்பி இருக்கும் என்று உனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லையா? ராகியை ஒதுக்கிய இடமெல்லாம் கத்தியது. ஒரு கம்பி போதும் என்று மேஸ்திரி சொன்ன இடத்தில் இரண்டு போடச் சொன்னவர் உன் பெரியப்பா. செத்துப் பதினாறு வருடம் கழித்து அவர் போட்ட கம்பி ஒவ்வொன்றும் என்னிடம் வருகை சொன்னது! சத்தம் கேட்டுத் தெருவே மாடிக்கு ஏறி வந்தது. எதிர்வீட்டு மாதவராஜ் என்னைக் கேட்காமலே மிஷினைப் பிடுங்கிக் குள்ளம்மாள் கழுத்தருகே நீட்டினான். அலறியது. "மாட்டிக்கிச்சு பாரு!" என்று குதித்தான். அவள் நிதானமாகத் தாலிக்கயிற்றை வெளியே எடுத்தாள். அதில் ஒன்பது ஊக்குகள். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஊக்கை வேறெங்கே வைப்பார்கள்? "ஊக்கு கத்துது, தாலியும் கத்துது. இந்தத் தாலியும் உங்க வூட்டுதுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அதோடு விட்டாளா? மிஷினை வாங்கி, ஆபரேஷன் செய்து உலோகம் வைத்த என் முழங்காலில் காட்டினாள். அது ஊளையிட்டது. "டீச்சரம்மா முட்டிக்குள்ளாற ஒளிச்சு வெச்சிருக்காங்க!" தெருவே சிரித்தது. என் வகுப்பில் முப்பத்தொரு வருடம் ஒரு பிள்ளை அப்படிச் சிரித்ததில்லை. அன்று இறங்கிப் போனவள் இன்றுவரை வரவில்லை. நான்கு நாளாக யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் உன் மிஷினால். ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து இதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

உன் குடும்பத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. மிஷின் செய்தவனை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சகாயமேரி

பின்குறிப்பு: வர வேண்டாம். மிஷினைப் பெட்டியில் போடும்போது அது என் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக் கத்தியது. திருகாணி உள்ளே இருந்தது. மரை தளர்ந்திருக்கிறதே, தொலைந்துவிடப் போகிறது என்று முந்தின நாள் நானே கழற்றி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் என்று கேட்காதே. மிஷினையும் கையில் எடுத்துக்கொண்டு, இந்தக் காலோடு மூன்று தெரு நடந்து குள்ளம்மாள் வாசலில் நின்று, அவள் மருமகள் எதிரிலேயே, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் மிஷினுக்குக் கை நீட்டினாள். "இது என்கிட்டயே இருக்கட்டுங்க. நாளைக்கு வேலைக்கு வந்தா மூக்குக்கண்ணாடியக் காணோம்பீங்க." கொடுத்துவிட்டேன்.