மதினி, எனக்கு ஆகாது

புது மருமகள் சில சொற்களை வாயிலேயே எடுக்கக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்க வேண்டும். அதில் முதல் சொல் 'ஆகாது'. கத்திரிக்காய் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஆகாதுதான், பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் ஆகாதுதான். ஒன்று வயிற்றுச் சமாச்சாரம், மற்றது வாய்த் தகராறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன புண்ணியவான் யாராக இருந்தாலும் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தச் சொல்லால் பத்தொன்பது வயதில் என் கதை முடிந்திருக்கும். முடிந்திருந்தால் 'பூரான் கடித்துச் செத்தாள்' என்றுதான் ஊருக்குச் சொல்லியிருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

என் பிறந்த வீடு வடமதுரை. அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. முந்திரிப்பருப்பு எங்கள் பக்கம் கல்யாணம் காட்சி என்றால்தான் எட்டிப் பார்க்கும். சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் லட்டிலிருந்த முந்திரியைப் பொறுக்கித் தின்று, உதடு உளுந்தவடை மாதிரி வீங்கி, உடம்பெல்லாம் தடித்துக் கிடந்தேன். "உனக்கு முந்திரி ஆகாது. இனிமே தொடாத" என்று அம்மா சொன்னார். அதோடு விஷயம் முடிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் என் நட்சத்திரத்திலிருந்து தலைமுடி நீளம் வரை விசாரித்தார்கள். பெண்ணுக்கு என்ன ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கேட்டிருந்தால் "எல்லாம் ஆகும்" என்றுதான் நாங்களும் சொல்லியிருப்போம். அது வேறு.)

ஐம்பதுகளின் கடைசியில் சின்னாளப்பட்டியில் வாழ்க்கைப்பட்டேன். மாமனாருக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம், பின்கட்டில் சாயப் பட்டறை. என் வீட்டுக்காரர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர். அதனால் இனி உலகத்தில் எதையும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய அக்கா ராஜாமணி, எனக்கு மதினி. சித்தையன்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

மதினிக்கும் எனக்கும் மணமேடையிலேயே உரசல் ஆகிவிட்டது. தாலியில் கடைசி முடிச்சைப் போடுவது நாத்தனார் உரிமை. அதற்குப் பெண் வீட்டார் ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். என் அப்பா திண்டுக்கல்லுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே உசத்தி என்று கடைக்காரர் சத்தியம் செய்த ஒரு சுங்குடிச் சேலையை எடுத்துவந்தார். மதினி பிரித்துப் பார்த்தார். அவருடைய அப்பா பட்டறையில் சாயம் போட்ட சேலை அது.

"எங்கப்பன் வீட்டுச் சேலையவே எனக்குச் சீரா வச்சிருக்காகளே, எம்புட்டுப் பெரிய மனசு!" என்றார் மதினி, மேளக்காரருக்கும் கேட்கும்படியாக. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சைப் போட்டார். போட்ட வேகத்தில் என் கழுத்து ஒருமுறை இறுகியது. பின்னால் வரப்போவதற்கு அது ஒத்திகை என்று எனக்கு அப்போது தெரியாது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து மதினி பிறந்த வீட்டுக்கு வந்தார். இந்த முறை எப்படியாவது சமாதானமாகிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். கழுத்தை ஒட்டிப் போடும் கெம்பு அட்டிகை ஒன்று என் அம்மா எனக்குப் போட்டது. அதைக் கழற்றி, "கோயிலுக்குப் போறப்போ போட்டுக்கங்க மதினி" என்று கொடுத்தேன். மதினி முகம் கொஞ்சம் இளகியது. கோயிலிலிருந்து வந்தவர் அட்டிகையோடேயே அடுப்படிக்குள் போனார். "தம்பி பொண்டாட்டிக்கு என் கையால பாயசம் வைக்கிறேன்" என்றார். வைத்தார். வஞ்சகம் இல்லாமல் முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டியும் வைத்தார்.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்ததும் நாங்கள் உட்கார்ந்தோம். மதினி பாயசக் கிண்ணமும் கரண்டியுமாக என் முன்னால் வந்து நின்றார். மேலே பொன்னிறமாக முந்திரி மிதந்தது. புது மருமகள் நிமிர்ந்து பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆகவே நான் தரையைப் பார்த்து, மிகவும் பணிவாகச் சொன்னேன்:

"எனக்கு ஆகாது மதினி."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"யாரு ஆகாது? நானா?"

"ஐயோ, உங்களச் சொல்லல மதினி. பாயசம்..."

"நான் வச்ச பாயசம் ஆகாது. அதான? உங்காத்தா வச்சிருந்தா ஆகியிருக்கும்!"

"வந்து மாசம் ஒண்ணுதான் ஆகுது. அதுக்குள்ள எம்மக இவளுக்கு ஆகாதாம்ல!" என்று மாமியார் மூக்கைச் சிந்தினார்.

என் வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து தலையை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "அக்கா ஆசையா வச்சிருக்கு. ஒரு வாய் குடிச்சா கொறஞ்சா போயிருவ?"

'முந்திரி' என்று ஒரு சொல்லை நான் சேர்த்திருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. என் மூளையும் அன்றைக்கு ஒரு பிரமாதமான யோசனை சொன்னது: முந்திரியை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டால் என்ன? கொதிக்கும்போது முந்திரி தன் பாட்டுக்கு ஒரு ஓரமாகவும் பால் தன் பாட்டுக்கு ஒரு ஓரமாகவும் இருந்திருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. முந்திரியை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு, மானத்துக்குப் பயந்து மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தேன்.

இலையை எடுப்பதற்குள் நாக்கு குறுகுறுத்தது. அப்புறம் உள்ளங்கை அரித்தது. அப்புறம் வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் மாமியார் முகமெல்லாம் சிரிப்பு. "அடி ஆத்தி! குளிக்காம இருக்கியா?" மதினிக்கும் கோபம் போன இடம் தெரியவில்லை. "அதான் ஆகாதுன்னுருக்கா! இத மொதல்லயே சொன்னா என்ன புள்ள?" என்று ஓடிவந்து என் வாயில் ஒரு கை சீனியைப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரிகள் சுவருக்கு மேல் தலை நீட்டி வாழ்த்தினார்கள். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இரண்டாம் தடவை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர் மாதிரி நின்றார். மதினி அதோடு விட்டாரா? "வாயும் வயிறுமா இருக்கவளுக்கு முந்திரி நல்லது" என்று நான் ஒதுக்கிவைத்திருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். நான் பல்லை இறுகக் கடித்துக்கொண்டேன். "வெக்கத்தப் பாரு!" என்றார்கள்.

அதற்குள் கை, கழுத்து, முகம் எல்லாம் சிவந்து திட்டுத் திட்டாகத் தடித்தது. பிள்ளை உண்டானதற்கு இப்படித் தடிக்காது என்பது மாமியாருக்குத் தெரியும். ஆகவே உடனே வேறு முடிவுக்கு வந்தார். "காணாக்கடி!"

காரணம் தெரியாமல் உடம்பு தடித்தால் எங்கள் பக்கம் அதற்குக் காணாக்கடி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கடித்துவிட்டதாம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிராணியை வீடே சேர்ந்து தேட ஆரம்பித்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமனார் கம்போடு வந்தார். "ஏலே, பாயத் தூக்குடா! அந்தச் சாயப் பானைய நகட்டு!" பாயைத் தூக்கினார்கள், பானையை நகர்த்தினார்கள். பானைக்கு அடியில், உலகத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத ஒரு பூரான் படுத்திருந்தது. அடித்தே கொன்றார்கள். எல்லோரும் அதைச் சுற்றி நின்று நீளத்தைப் பற்றிப் பேசினார்கள். என்னைச் சுற்றி ஒருவர் இல்லை.

"கடிச்சத அடிச்சாச்சு. செத்த நேரத்துல எறங்கிரும்" என்று மாமனார் தீர்மானமாகச் சொன்னார். வெற்றிலையில் மிளகை மடித்து யாரோ என் வாயில் திணித்தார்கள். அது உள்ளே இறங்கவில்லை. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திக்கொண்டே வருவது போல இருந்தது. "முந்திரி" என்று இப்போதுதான் சொல்ல வருகிறது, ஆனால் குரல் இல்லை. வெறும் விசில்தான் வந்தது. வேறு வழி தெரியாமல் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

மதினி பார்த்துவிட்டார். அவருடைய கை தன் கழுத்துக்குப் போனது. அங்கே என் அட்டிகை.

"அடி பாவி! ஒரு பொழுது போட்டதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? இந்தா, நீயே வச்சுக்க!"

(சாகக் கிடந்தவள் நகை கேட்டதாக நினைத்தார்கள் ஐயா!) அட்டிகையைக் கழற்றி, என் பின்னால் வந்து, கழுத்தில் சுற்றிக் கொக்கியை இழுத்தார். மாட்டவில்லை. இன்னும் இழுத்தார். எட்டவில்லை.

"காலையில இவ கழுத்துலருந்துதான கழத்திக் குடுத்தா? அப்ப நல்லா எட்டுச்சுல்ல?" என்று மதினி முணுமுணுத்தது காதில் விழுந்தது. பிறகு முன்னால் வந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை முழுதாகப் பார்த்தார். அட்டிகை அவர் கையிலிருந்து கீழே விழுந்தது.

"அம்மா! கழுத்து வீங்கிக்கிட்டே போகுதும்மா! ஒதடெல்லாம் நீலம் பூத்துருச்சு! இது கடி இல்ல, புள்ள செத்துரும்! வண்டியக் கொண்டாங்க!"

வாசலில் நின்றது நூல் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டி. அதில்தான் என்னைப் போட்டார்கள். மெயின் ரோட்டு டிஸ்பென்சரி வரைக்கும் என் வீட்டுக்காரர் வண்டியைத் தள்ள, மதினி என் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்தபடி பக்கத்தில் ஓடினார். பூசணிக்காய் மாதிரி வீங்கிய முகத்தோடு புதுப்பெண் ஊர்வலம் போனதை ஊரே பார்த்தது. பார்த்தவர்கள் சும்மா விடவில்லை. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரரும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, "காணாக்கடி" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். "தள்ளுடா மூதேவி!" என்று மதினி கத்திய பிறகுதான் வண்டி ஓடியது.

டாக்டர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் ஊசியை எடுத்தார். "என்ன சாப்பிட்டாங்க? இந்தப் பொண்ணுக்கு எது ஆகாது?"

"பூரான் சார். அடிச்சாச்சு" என்றார் என் வீட்டுக்காரர். சட்டைப் பையிலிருந்து பேப்பரில் மடித்த பூரானை எடுத்து மேஜையில் வேறு வைத்தார்.

"அதத் தூக்கி வெளிய போடுய்யா! எது ஆகாதுன்னு கேக்குறேன்ல?"

மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து சேர்ந்த மாமியார், ரகசியத்தை வெளியிடும் முகத்தோடு மதினியைக் கைகாட்டினார்: "எம்மகளுக்கும் இவளுக்கும் ஆகாதுங்க."

டாக்டர் என்ன நினைத்தாரோ தெரியாது. மதினி அழ ஆரம்பித்துவிட்டார். "நான் வச்ச பாயசம் ஆகாதுன்னு சொல்லுச்சுங்க. நாந்தான் என்னய ஆகாதுங்குதுன்னு நெனச்சு, குடிக்க வச்சுட்டேன். முந்திரிய மட்டும் பொறுக்கி ஓரமா வச்சுச்சு. அப்பக்கூட எனக்கு வெளங்கல." நான் விரலைத் தூக்கி 'அதேதான்' என்று ஆட்டினேன். ஊசி அதற்குள் இறங்கியிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை உதறியது, தொண்டைக்குள் சாத்திய கதவு மெல்லத் திறந்தது. காற்று இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

டாக்டர் எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினார். "இதுக்கு அலர்ஜின்னு பேரு. அடுத்த தடவை இதைவிட மோசமா வரும். சாப்பிட்டதும் வாய் அரிச்சு, உடம்பு தடிச்சு, குரல் மாறி, மூச்சு இழுத்துச்சுன்னா அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடியாரணும். பூரான் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது." அன்று ராத்திரி முழுக்க என்னை அங்கேயே படுக்கவைத்திருந்தார். மறுநாள் மாமியார் தெருவில் சொன்னது இது: "எம்மருமகளுக்கு முந்திரி ஆகாது. அதுவும் இங்கிலீஷ்ல ஆகாது."

யாராவது என்னிடம் மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. சுவருக்கு மேல் வாழ்த்தியவர்கள், பிள்ளை எங்கே என்று மாதக்கணக்கில் விசாரித்தார்கள். வண்டி தள்ளி மனைவியைக் காப்பாற்றிய கதையை என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். அதில் பூரான் வருடத்துக்கு வருடம் நீளமாகிக்கொண்டே போனது. வீட்டில் யாராவது எதையாவது "எனக்கு ஆகாது" என்று தள்ளினால் போதும், மற்ற எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள்: "பாயசமா, மதினியா?" இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

மதினியும் மன்னிப்புக் கேட்கவில்லை. சில வருடம் கழித்து அவர் மகளுக்குச் சித்தையன்கோட்டையில் சடங்கு வைத்தார்கள். பெரிய பந்தல், பெரிய பந்தி. பாயசம் வந்தது. அதில் ஒரு முந்திரி இல்லை. லட்டில் இல்லை. கேசரியில் இல்லை. எதிர் இலையில் இருந்த ஒருவர் பாயசத்தைக் கிளறிக்கொண்டே உரக்கச் சொன்னார்: "இம்புட்டுச் செலவழிச்சு என்ன? ஒரு முந்திரி போட மனசு வரலையே. கஞ்சப் பய வீடு!" வரிசையே சிரித்தது. மதினி கரண்டியோடு அங்கேதான் நின்றார். மணமேடையில் ஒரு சேலைக்காக ஊரைக் கூட்டியவர், வாயே திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இலையிலிருந்து எழுந்துவிட்டேன். "யாரைய்யா கஞ்சம்ங்கிறீங்க? முந்திரி எனக்கு ஆகா..."

முடிக்கவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் வரிசை முழுக்க, "பாயசமா, மதினியா?" என்று ஒரே கூச்சலாகக் கேட்டது.

மதினி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "பேசாம சாப்டு புள்ள. கஞ்சம்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ மறுபடியும் ஆகாதுன்னு ஆரம்பிச்சா, ஓடறதுக்கு இங்க தள்ளுவண்டிகூட இல்ல."

உட்கார்ந்தேன். மதினி ஊற்றிய பாயசத்தைச் சொட்டு விடாமல் குடித்தேன்.